ரோடு போட்டதால வயல்ல தண்ணி வடியல, நஷ்டஈடு கேக்க முடியுமா?

கேள்வி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் வழியா நாலு வழிச்சாலை போட்டாங்க, எங்க வயல்ல ஒரு பகுதிய எடுத்துகிட்டு அதுக்கு காசும் குடுத்துட்டாங்க, அது முடிஞ்சுபோச்சு. மிச்சம் இருக்குற வயல்தான் இப்ப பிரச்சனை. ரோட்ட ஆள் உசரத்துக்கு மண்ணடிச்சு தூக்கிட்டு, குறுக்க போன வடிகாலுக்கு சின்னதா ஒரு குழாய பதிச்சு விட்டுட்டாங்க, ஐப்பசி கார்த்திகை மழையில தண்ணி வடியவே மாட்டேங்குது, நட்ட சம்பா அப்படியே அழுகிப்போச்சு. ஆபீஸ்ல கேட்டா "அந்த நிலத்த நாங்க தொடவே இல்லையே"ன்னு சொல்றாங்க. தொடாமலே கெடுத்தா கேக்க உரிமை இல்லையா?

பதில் 1:
இருக்குண்ணே. தேசிய நெடுஞ்சாலைனா 1956ம் வருஷ சட்டத்துல 3ஜி பிரிவ படிச்சு பாருங்க. எடுத்த நிலத்தோட மார்க்கெட் விலை மட்டும் இல்ல, எடுத்ததால உங்க மத்த நிலத்துக்கும் வருமானத்துக்கும் வர்ற பாதிப்பையும் சேத்துதான் தொகை போடணும். போட்ட தொகை சரியில்லன்னா ஆர்பிட்ரேட்டர்கிட்ட, அதாவது நடுவர்கிட்ட போகலாம், பெரும்பாலும் கலெக்டர்தான் அது. மாநில ரோடுன்னா சட்டம் வேற.

பதில் 2:
நான் வக்கீல். சிவில் கோர்ட் வழியும் இருக்கு. 1947ல மேற்கு யமுனா கால்வாய் உடைஞ்சு ஒரு பண்ணைக்குள்ள வெள்ளம் புகுந்துச்சு, பஞ்சாப் அரசு மேல மாடர்ன் கல்டிவேட்டர்ஸ்ங்கிற அந்த பண்ணைக்காரங்க போட்ட கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் அரசுதான் பொறுப்புன்னு தீர்ப்பாச்சு. பராமரிப்பு ரெக்கார்ட அரசு காட்டாததே அவங்களுக்கு எதிரா போச்சு, இது முக்கியம், அதனால வடிகால் டிசைன், குழாய் அளவு எல்லாத்தையும் ஆர்.டி.ஐ.ல இப்பவே கேட்டு வாங்குங்க. அரசு மேல கேஸ்னா சிபிசி (சிவில் நடைமுறை சட்டம்) 80ம் பிரிவுல நோட்டீஸ் குடுத்துட்டு 2 மாசம் காத்திருக்கணும். தயவுசெஞ்சு தள்ளிப்போடாதீங்க, சட்டப்படி செஞ்ச வேலைதான்னு சொல்லி கேஸ் போட கெடு சொல்ற லிமிடேஷன் சட்டத்தோட ஆர்ட்டிகிள் 72ஐ காட்டி 1 வருஷம்தான் கெடுன்னு வாதாடுவாங்க.

பதில் 3:
தம்பி, கேஸ் முடியுற வரைக்கும் தண்ணி வயல்லதான் நிக்கும், அதனால நஷ்டஈட்டுக்கு முன்னாடி அந்த குழாய எடுத்துட்டு வடிகால் பாலத்த பெருசாக்க சொல்லி கேளுங்க. வி.ஏ.ஓ. கிட்ட என்ன பயிர் வச்சீங்கன்னு காட்டுற அடங்கல் வாங்குங்க, நில அளவை வரைபடமான புலப்படத்துல அந்த வடிகால் வாய்க்கால் புறம்போக்குன்னு இருந்தா அதவிட பெரிய சாட்சி கிடையாது. தண்ணி நிக்கும்போதே தேதியோட போட்டோ எடுங்க, வடிஞ்சப்புறம் யாரும் நம்பமாட்டாங்க. விவசாயிகள் குறைதீர் கூட்டத்துல மனு குடுத்து ரசீது வாங்கிட்டு, அசையலன்னா ஹைகோர்ட்ல ரிட் போடுங்க. சொத்துரிமை இப்ப அடிப்படை உரிமை இல்லதான், ஆனா அரசியல் சட்டத்துல 300ஏ இருக்கு, சட்டத்தோட அதிகாரம் இல்லாம யார் சொத்தையும் பறிக்க முடியாது.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. தேசிய நெடுஞ்சாலைதான். நிலத்துக்கு காசு வாங்கும்போது கையெழுத்து போட்டு குடுத்துட்டோமே, இப்ப ஆர்பிட்ரேட்டர்கிட்ட போனா அத காரணமா காட்டி தள்ளிருவாங்களா வக்கீல் சார்?

பதில் 2:
எதுல கையெழுத்து போட்டீங்கன்னு பாக்கணும். வெறும் பணம் வாங்குன ரசீதுன்னா பயப்பட வேணாம். அவார்டு (நஷ்டஈடு தொகை போட்ட உத்தரவு) காப்பிய எடுத்து வைங்க, அதுல மிச்ச நிலத்து பாதிப்புக்குன்னு ஏதாச்சும் தொகை போட்டிருக்கான்னு மொதல்ல பாருங்க.