டீக்கடை தீம் பார்ட்டிக்கு லாங் ஐலண்ட் ஐஸ் டீ: 20 கிளாஸுக்கு அளவும் பக்குவமும்

காட்பாடி:
மொட்டை மாடியில டீக்கடை தீம் பார்ட்டி. மரப் பெஞ்சு, பட்டர் பிஸ்கட் ஜாடி, பித்தளை பாய்லர் எல்லாம் தயார். பார்க்க டீ மாதிரியே இருக்குற லாங் ஐலண்ட் ஐஸ் டீ கொடுக்கலாம்னு திட்டம். குடிக்கிறவங்க பத்துப் பேர், எல்லாரும் முப்பது தாண்டினவங்க. அளவு, செய்முறை, எங்க தப்பு வரும்ங்கிறதெல்லாம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சத்துவாச்சாரி:
பேர்லதான் டீ. உள்ள ஒரு சொட்டு டீ கிடையாது. வோட்கா, ஜின், வெள்ளை ரம், டெக்கீலா, ஆரஞ்சு மது (ட்ரிபிள் செக்), ஒவ்வொன்னும் 15 மி.லி. அதோட எலுமிச்சைச் சாறு 25, சர்க்கரைப் பாகு 20, கடைசியா கோலா. சர்வதேச பார்டெண்டர் சங்கம் வச்சிருக்கற அளவிலும் அஞ்சு மதுவுக்கும் இதே 15 தான்.

ஆனா இது முழு கிளாஸ் அளவு. உங்க தீமுக்கு டீ கிளாஸ்தான் பொருத்தம், அதுல பாதி அளவுதான் போகணும். அதாவது ஒவ்வொரு மதுவும் ஏழரை மி.லி. அதைத் தனித்தனியா அளந்துட்டிருக்க முடியாது. அதனால மொத்தமா கலந்துடுங்க. பத்துப் பேர், ஆளுக்கு ரெண்டுன்னா 20 டீ கிளாஸ். கணக்கு இப்படி வரும்:

வோட்கா 150, ஜின் 150, வெள்ளை ரம் 150, டெக்கீலா 150, ட்ரிபிள் செக் 150. மொத்தம் 750 மி.லி. முதல் மூணும் ஒவ்வொரு குவாட்டர் (180) வாங்கினா போதும், 30 மிஞ்சும். எலுமிச்சைச் சாறு 250. நம்ம ஊர் நடுத்தரப் பழம் ஒன்னுக்கு 15 மி.லி. தேறும், அதனால 17 பழம், காய்ஞ்சது இருக்கும்னு 20 வாங்கிக்கோங்க. பாகு 200. கோலா 600.

பாகுக்கு கால் கிலோ சர்க்கரை, 250 மி.லி. தண்ணி. கொதிக்க விட வேண்டாம், கரைஞ்ச உடனே இறக்கிடுங்க. ரொம்ப நேரம் கொதிச்சா தண்ணி வத்தி கெட்டியாகும், அளவு தப்பிடும். ஏறக்குறைய 400 மி.லி. வரும். நல்லா ஆறினப்புறம்தான் கலக்கணும்.

முதல் நாள் ராத்திரி அஞ்சு மதுவையும் மட்டும் ஒரு 750 கண்ணாடி பாட்டிலில் கலந்து ஃப்ரிட்ஜில் வைங்க. எலுமிச்சை அன்னைக்கு சாயங்காலம்தான் பிழியணும். காலையில பிழிஞ்சு வச்சா ராத்திரிக்குள்ள கசப்பு தட்டும். பழத்தை முறுக்கிப் பிழிஞ்சாலும் தோல் கசப்பு இறங்கும், லேசா அழுத்தினா போதும்.

இந்த விஷயத்துல முதல் எதிரி கண் அளவு. பாட்டிலை சாய்ச்சு ஊத்தும்போது 15 நினைச்சா 25 விழும். அஞ்சு தடவை அப்படி விழுந்தா 75 இருக்க வேண்டியது 125 ஆகிடும். பெக் மெஷர் இல்லேன்னா இருமல் மருந்தோட வர்ற கோடு போட்ட மூடி போதும். மொத்தக் கலவைக்கு சமையல் அளவுக் குவளை.

ராணிப்பேட்டை:
ட்ரிபிள் செக்கும் டெக்கீலாவும் எல்லா டாஸ்மாக்கிலும் கிடைக்காது, எலைட் கடையில் கேட்டுப் பார்க்கணும். கிடைக்கலேன்னா வழி இருக்கு.

ட்ரிபிள் செக்குக்கு: ஒரு குவாட்டர் வோட்காவில் மூணு ஆரஞ்சின் தோல். பழத்தை வெந்நீரில் கழுவித் துடைங்க, கடைப் பழத்தின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கும். பீலரால் ஆரஞ்சு நிறப் பகுதியை மட்டும் மெலிசா சீவணும். உள்ளே இருக்கிற வெள்ளைச் சதை ஒட்டினாலே கசப்பு. 24 மணி நேரம் மூடி வச்சு வடிகட்டி, 90 மி.லி. பாகு சேருங்க. 270 மி.லி. கிடைக்கும், ஏறக்குறைய 28 சதவீதம். ரெண்டு நாளுக்கு மேல தோல் ஊறினா மருந்து வாடை வரும். நார்த்தங்காய் கிடைச்சா சுண்டு விரல் நீளத்துக்கு ஒரே ஒரு சீவல் சேர்த்துப் பாருங்க. குராசோ வகை மதுவுக்கே கசப்பு ஆரஞ்சுத் தோல்தான் அடிப்படை, அந்த வாசனை நார்த்தங்காயில் கொஞ்சம் வரும். அதிகம் போட்டா எல்லாத்தையும் அமுக்கிடும்.

டெக்கீலா இல்லேன்னா அதை விட்டுட்டு வோட்கா, ஜின், ரம் மூணையும் 200 ஆக்குங்க, மொத்தம் மாறாது. அப்போ மூணும் ரெண்டு ரெண்டு குவாட்டர் வேணும். டெக்கீலா நீலக் கற்றாழையில் இருந்து வர்றது, நம்ம ஊர் ரயில் பாதை ஓரம் நிக்குற ரயில் கற்றாழையோட சொந்தம். அந்த மண் வாசனை போயிடும், ஆனா பானம் கெடாது. அதுக்குப் பதிலா பிராந்தி ஊத்தாதீங்க. பிராந்தியோட வாசனை கோலாவோட சேர்ந்து மத்த எல்லாத்தையும் மூடிடும். வெள்ளை ரம்முக்குப் பதில் கறுப்பு ரம் போடலாம், நிறம் முன்னாடியே ஏறிடும், கோலாவைக் குறைச்சுக்கணும்.

சித்தூர் பக்கத்துலதானே இருக்குன்னு அங்க வாங்கி எடுத்துட்டு வர நினைக்காதீங்க. அனுமதி இல்லாம வெளிமாநில மது கொண்டு வர்றது குற்றம், கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடியில் வண்டியோட நிக்க வேண்டியிருக்கும். மலைச் சாராயத்தை "ஸ்ட்ராங்கா இருக்கும்"னு யாராவது கொண்டு வந்தா கலவையில் ஒரு சொட்டு கூட சேர்க்கக் கூடாது. மெத்தனால் கலந்திருந்தா மணத்திலோ ருசியிலோ கண்டுபிடிக்கவே முடியாது. 2024ல் கள்ளக்குறிச்சியில் அத்தனை பேர் செத்தது அதனாலதான்.

காட்பாடி:
நன்றி அண்ணா. கலவையை பித்தளை பாய்லர்ல ஊத்தி, குழாயைத் திறந்து பிடிச்சுக் கொடுத்தா தீமுக்கு அம்சமா இருக்கும்ல?

வாலாஜா:
வேண்டவே வேண்டாம் தம்பி. பாய்லரை அலங்காரத்துக்கு மட்டும் வைங்க. எலுமிச்சைப் புளிப்பு பித்தளையில் பட்டா தாமிரம் கரையும். ஈயம் பூசாத, இல்ல பூச்சு தேய்ஞ்ச பாத்திரத்தில் ஒரு மணி நேரம் நின்னாலே வாந்தி, வயித்துவலி வரலாம். அலுமினியமும் ஆகாது. கண்ணாடி ஜாடி, இல்லேன்னா எவர்சில்வர்.

தீமுக்கு இதைவிட நல்ல விஷயம் ஒன்னு உங்க கையிலேயே இருக்கு: ஆத்துறது. டீ மாஸ்டர் ஆத்துற மாதிரியே மதுவை உயரத்தில் இருந்து ஊத்திக் கலக்குறது பழைய பார் வித்தை. பார்சிலோனாவில் 1933ல் தொடங்கின போவாடாஸ் பாருக்குப் புகழே அதுலதான். ஷேக்கர் தேவையில்லை.

ரெண்டு பெரிய எவர்சில்வர் மக் எடுங்க, அரை லிட்டருக்குக் குறையாம. நாலு கிளாஸுக்கு ஒரு ஈடு: மதுக் கலவை 150, எலுமிச்சை 50, பாகு 40. ஒரு மக்கில் முக்கால் வரை ஐஸ் போட்டு இதை ஊத்துங்க. ஐஸ் விழாம ஜல்லிக் கரண்டியால் வாயை அணைச்சுப் பிடிச்சு, ரெண்டடி உயரத்தில் இருந்து அடுத்த மக்கில் இறக்குங்க. திரும்ப ஐஸ் மக்குக்கே ஊத்துங்க. ஏழெட்டு தடவை. மக்கின் வெளிப்பக்கம் வேர்த்து, விரல் விறைக்கிற அளவு குளிர்ந்தா போதும். 240 போட்டது 300 ஆகியிருக்கும், அந்த 60 ஐஸ் உருகின தண்ணி. அது இருந்தாத்தான் அஞ்சு மதுவும் ஒன்னா சேரும். மதுவை ஃபிரீசரில் வச்சு எடுத்தா ஐஸ் உருகாது, தொண்டையைக் கீறும். அதனாலதான் மேலே ஃப்ரிட்ஜ்னு சொல்லியிருக்காங்க.

கிளாஸுக்கு 75 ஊத்தி, ஒரு கட்டி ஐஸ் போட்டு, குளிர்ந்த கோலா 30 ஓரமா இறக்குங்க. கலக்க வேண்டாம், தானே கலக்கும். லெமன் டீ நிறம் வந்தா நிறுத்திடணும். கோலாவை எந்தக் காரணத்துக்கும் ஆத்தாதீங்க, பொங்கி வழியும், மிச்சம் சப்புன்னு ஆகிடும். முன்கூட்டியே ஜாடியில் கலந்து வைக்கிறதும் இதே காரணத்தாலதான் கூடாது. பெரிய பாட்டிலைவிட 250 மி.லி. சின்ன பாட்டில் மூணு நல்லது, திறந்த வேகத்தில் தீர்ந்துடும்.

டீ கிளாஸ் 100, 120, 150 மி.லி.ன்னு பல அளவில் வருது. 150 வாங்குங்க.

இந்தப் பானத்தை 1972ல் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் ஓக் பீச் இன்னில் தான் உருவாக்கினதா ராபர்ட் பட் சொன்னார். டென்னசியில் மதுவிலக்குக் காலத்திலேயே இருந்ததுன்னு இன்னொரு கதையும் உண்டு. மதுவிலக்குன்னா நம்ம பக்கமும் சும்மா இல்லை: 1937ல் சேலத்தில் ராஜாஜி தொடங்கினது 1939ல் வட ஆர்க்காட்டுக்கு வந்தது.

குடியாத்தம்:
ஐஸைப் பத்தி யாரும் விரிவா சொல்லலை. வேலூர் வெயிலுக்கு அதுதான் முக்கியம். 20 கிளாஸுக்கு 5 கிலோ வச்சுக்கோங்க, கத்திரி வெயில்ல மொட்டை மாடின்னா 8. கேன் தண்ணியை மூடி போட்ட டிபன் பாக்ஸில் உறைய வைங்க. மூடாம வச்சா ஃபிரீசரில் இருக்கிற மீன், பூண்டு வாடையை ஐஸ் இழுத்துக்கும், முதல் வாயிலேயே தெரியும். ரெண்டு நாள் முன்னாடியே தொடங்கினாத்தான் வீட்டு ஃபிரீசரில் இவ்வளவு சேரும், இல்லேன்னா பாக்கெட் ஐஸ் க்யூப் வாங்கிடுங்க.

மீன் மார்க்கெட் ஐஸ் பாரை உடைச்சு கிளாஸில் போடாதீங்க, அது குடிக்கிற தண்ணியில செஞ்சதுன்னு நம்ப முடியாது. டப்பில் போட்டு கோலா பாட்டிலைச் சுத்தி வைக்க மட்டும்.

ஆம்பூர்:
வீரியத்தை நம்ம கணக்கில் சொல்றேன். நம்ம ஊர் வோட்கா, ஜின், ரம் எல்லாம் 42.8 சதவீதம். ஒரு குவாட்டரில் சுத்த ஆல்கஹால் 77 மி.லி. முழு லாங் ஐலண்ட் கிளாஸ் ஒன்னில் சுமார் 30. ரெண்டரை கிளாஸ் ஒரு குவாட்டர். டீ கிளாஸ்னா 15, அஞ்சு கிளாஸ் ஒரு குவாட்டர். புளிப்பும் இனிப்பும் காரத்தை மறைச்சிடும், பத்து நிமிஷத்தில் காலி பண்ணிடுவாங்க, போதை அரை மணி கழிச்சுத்தான் ஏறும். அதனால முதல் ரவுண்டுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல ஒரு மணி நேரமாவது விடுங்க. ஒரு டீ கிளாஸ் உடம்பை விட்டுப் போக ஒன்றரை மணிக்குக் குறையாது. "கொஞ்சம் ஸ்ட்ராங்கா"ன்னு கேக்கறவங்களுக்கு எலுமிச்சையைக் கூட்டிக் கொடுங்க, மதுவை இல்லை.

சாப்பாடு முதல்ல. பிரியாணியைக் கடைசியில் வைக்கிற வழக்கத்தை அன்னைக்கு மட்டும் மாத்தி, முதல் கிளாஸுக்கு முன்னாடியே கத்திரிக்காய் கொத்சோட பாதித் தட்டு போட்டுடுங்க. மிக்சர், சிப்ஸ் மட்டும் வச்சா உப்புக்குத் தாகம் எடுத்து இன்னொரு கிளாஸைத்தான் தேடுவாங்க. ஒவ்வொருத்தர் பக்கத்திலும் ஒரு சொம்பு தண்ணி.

சட்டப்படி வண்டி ஓட்டறவங்க ரத்தத்தில் 100 மி.லி.க்கு 30 மி.கி. வரைதான் இருக்கலாம். ஒரு டீ கிளாஸே சிலருக்கு அதைத் தொட்டுடும். வண்டிச் சாவியை வாங்கி பிஸ்கட் ஜாடிக்குள்ள போட்டு மூடி வைங்க, ஆட்டோவோ, தங்க இடமோ முன்னாடியே பேசிடுங்க. தூக்க மாத்திரை, மெட்ரோனிடசோல் எடுக்கறவங்களுக்குக் கொடுக்கவே கூடாது. சர்க்கரை மாத்திரை போடறவங்க டாக்டரைக் கேக்காம குடிக்கக் கூடாது. ஆஸ்பத்திரி ஊர் இது, தயங்காம கேளுங்க.

தேதி வைக்கும்போது மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 பக்கம்னா ஒரு நாள் முன்னாடியே வாங்கணும், அன்னைக்குக் கடை மூடியிருக்கும்.

சத்துவாச்சாரி:
இன்னொன்னு. டீ மாதிரியே இருக்குறது அழகு, ஆபத்தும் அதுதான். குழந்தைகளோ பெரியவங்களோ டீன்னு நினைச்சு எடுத்துடுவாங்க. மது போறது கண்ணாடி கிளாஸில், கழுத்தில் சிவப்பு நூல் கட்டி. குடிக்காதவங்களுக்கு நிஜ டீ: டிகாஷனை ஆற வச்சு, எலுமிச்சை, பாகு, தட்டின இஞ்சி போட்டு எவர்சில்வர் டம்ளரில். ரெண்டையும் ஒரே தட்டில் கொண்டு போகாதீங்க.

எலுமிச்சை சேர்த்த ஈடு மிஞ்சினா கொட்டிடுங்க, மறுநாள் கசக்கும். வெறும் மதுக் கலவை மிஞ்சினா இறுக்கி மூடி மாசக் கணக்கில் வைக்கலாம். ஆனா அது பார்க்கத் தண்ணி மாதிரியே இருக்கும். காலி தண்ணி பாட்டிலில் ஊத்தி ஃப்ரிட்ஜ் கதவில் வைக்காதீங்க, வெயில்ல வீட்டுக்கு வர்றவங்க எடுத்து மடமடன்னு குடிச்சிடுவாங்க. பழைய மது பாட்டிலிலேயே ஊத்தி, மேலே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, பீரோவில் பூட்டி வைங்க.