கஷூவுக்கு ஆறு பிரையர், ஃபெர்பிக்கு பகிஷ்காரக் கோப்பை

பனிக்கல்: நேத்து வேற ஒரு இழையில ஒருத்தர் கனடாவோட ஆண்கள் கர்லிங் (ஐஸ் மேல கல்லை வழுக்க விட்டு ஆடற ஆட்டம்) சாம்பியன்ஷிப்பான பிரையரைப் பத்தி, "பிரையர்ல ஃபெர்பி டீமை அடிச்சுக்க ஆளே இல்ல, கஷூ எல்லாம் பின்வாசல் வழியா வந்தவர்"னு எழுதியிருந்தார், படிச்சதுல இருந்து எரிச்சல் அடங்கல. ஸ்கிப்பா, அதாவது டீம் தலைவரா, ஆறு பிரையர் ஜெயிச்ச ஒரே ஆள் பிராட் கஷூதான். 2017, 2018, 2020, 2022, 2023, 2024. ராண்டி ஃபெர்பி ஸ்கிப்பா எடுத்தது நாலே நாலு, அதுலயும் 2002, 2003 ரெண்டும் பெரிய டீமுங்க பகிஷ்கரிச்ச வருஷம். ஆளில்லாத ஐஸ்ல கல்லை விட்டு ஜெயிக்கறது ஒரு வெற்றியா?

எட்மன்டன் சிவா: அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்லியே எழுதும், பயப்பிட வேண்டாம். 2001 ஒட்டாவா பிரையரில ஆர் பகிஷ்கரிச்சது? ஒருத்தரும் இல்லை. 2005 எட்மன்டன் பிரையரில? ஒருத்தரும் இல்லை. ரெண்டையும் ஃபெர்பிதான் வென்றவர். 2005இல பார்க்க வந்த சனம் 2,81,985, இண்டைக்கு வரைக்கும் அதுதான் ரெக்கோர்ட். நடுவில இருக்கிற ரெண்டு வருசத்தை மட்டும் பிடிச்சுக்கொண்டு தொங்குறீர்.

பனிக்கல்: நடுவுல இருக்கற ரெண்டு வருஷம்தானே பேச்சே! கெவின் மார்ட்டின் இல்ல, ஜெஃப் ஸ்டௌட்டன் இல்ல, கிளென் ஹவர்ட் இல்ல, வெய்ன் மிடா இல்ல. மொத்தம் 18 டீம் பகிஷ்கரிச்சது. யாரை ஜெயிச்சார்?

கடைசிக்கல்: பனிக்கல் சொல்றது நூத்துக்கு நூறு சரி. அந்த 18 டீமும் என்ன கேட்டாங்க? அப்ப பிரையர்ல பரிசுப் பணம் இல்ல, சொந்த ஸ்பான்சர் பேட்ஜைச் சட்டையில குத்திக்கக்கூட விட மாட்டாங்க, டிவிக்காரன் சம்பாதிக்கறான், சங்கம் சம்பாதிக்குது, கல்லைத் தள்றவன் லீவு போட்டுட்டு வந்து ஆடிட்டுப் போகணும். அதுக்குத்தான் "கிழட்டுக் கரடி"ன்னு பேர் வாங்கின மார்ட்டின் வெளிய வந்து பரிசுப் பணத்தோட கிராண்ட் ஸ்லாம் போட்டிங்களைத் தொடங்கினார். இன்னிக்கு எல்லாப் பயலும் கர்லிங்கைத் தொழில்னு சொல்லிக்கறான்னா அந்த ஆளால. ஃபெர்பி அந்த பகிஷ்கார ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடல. மத்தவன் போராடும்போது உள்ள புகுந்து கோப்பையைத் தூக்கிட்டுப் போனவருக்கு எங்க ஊர்ல வேற பேர் உண்டு.

எட்மன்டன் சிவா: கருங்காலி எண்டு சொல்ல வாறீர், நேரடியாச் சொல்லும். ஒரு கேள்வி. 2003 ஹாலிஃபாக்ஸ் பிரையரில, அதே பகிஷ்கார பிரையரில, நியூஃபவுண்ட்லாண்டுக்கு ஆடினது ஆர்? பிராட் கஷூ! அவருக்கு அதுதான் முதல் பிரையர். ஃபெர்பி கருங்காலி எண்டால் கஷூ ஆர்? பனிக்கல் பதில் சொல்லட்டும்.

பனிக்கல்: கஷூ அப்ப சின்னப் பையன், காலேஜ் முடிக்காத வயசு. அவரையும் ஃபெர்பியையும் ஒண்ணாக்காதீங்க. அவர் கோப்பை தூக்கல.

எட்மன்டன் சிவா: தோத்தால் போராளி, வென்றால் கருங்காலி. நல்ல நியாயம். சரி, பிரையரை விடும். 2002 உலகக் கோப்பை ஃபெர்பிக்கு, 2003 உலகக் கோப்பை ஃபெர்பிக்கு, 2005உம் அவருக்கு. ஸ்வீடன்காரன் பகிஷ்கரிச்சவனோ? ஸ்கொட்லாந்துக்காரன் பகிஷ்கரிச்சவனோ? கஷூ ஆறு பிரையர் வென்று உலகக் கோப்பை எத்தனை கொண்டு வந்தவர்? 2017 மட்டும். பிறகு 2018, 2022, 2023, 2024 எல்லாம் வெள்ளி. 2020 கொரோனாவால நடக்கேல்லை, அதை மட்டும் விட்டுத் தாறன்.

ஸ்கார்புரோ மாமா: ரெண்டு பேரும் ஒரு விசயத்தை மறந்து போனியள். 2002, 2003இல கிளென் ஹவர்ட் ஆடியிருந்தால் ரெண்டும் ஒண்டாரியோவுக்குத்தான். மனுசன் நல்ல ஃபோர்மில இருந்த காலம். பிறகு 2007உம் 2012உம் எடுத்தவர், 2006, 2008, 2010, 2011 நாலு ஃபைனல் தோத்தவர். அந்த நெஞ்செரிச்சல் எனக்கு இன்னும் கிடக்கு.

எட்மன்டன் சிவா: மாமா, "ஆடியிருந்தால்" எண்டு தொடங்கினால் நானும் ஆடியிருந்தால் வென்றிருப்பன்.

சும்மா பார்க்க வந்தவன்: ஃபெர்பி ஸ்கிப்பே இல்லையே, கடைசி ரெண்டு கல்லை எறிஞ்சது அவர் டீம்ல இருந்த டேவிட் நெடோகின்தானே? பிரஷர் எல்லாம் அவருக்கு, பேர் மட்டும் இவருக்கா?

கடைசிக்கல்: அப்படிப் போடு! ஃபெர்பி மூணாவது ஆளா எறிஞ்சுட்டு அந்தப் பக்கம் போய் துடைப்பத்தைப் பிடிச்சு நின்னார், அவ்வளவுதான். மார்ட்டின் கடைசிக் கல்லையும் தானே எறிவார்.

எட்மன்டன் சிவா: துடைப்பத்தை எங்க பிடிக்கிறது, மறைப்புக் கல் (கார்டு) வைக்கிறதோ அடிக்கிறதோ, ஹாமரை (கடைசிக் கல் எறியிற உரிமையை) வைச்சுக்கொண்டு எண்டை (ஒரு சுற்றை) வெறுமையா விடுறதோ, முடிவெடுக்கிறவருக்கு பிரஷர் இல்லையாம். சரி, கடைசிக் கல்லுத்தான் கணக்கெண்டால் 2017 ஃபைனலை எடுத்துப் பாருங்கோ. செயின்ட் ஜான்ஸ், சொந்த ஊர்ச் சனம் கூரை பறக்கக் கத்துது, ஆறுக்கு ஆறு, கையில கடைசிக் கல், டிரா ஒண்டு போட்டு கல்லை வட்டத்துக்குள்ள நிப்பாட்டினால் போதும். கஷூ விட்ட கல்லுக்கு வேகம் பத்தேல்லை! பிரெட் கேலன்டும் ஜெஃப் வாக்கரும் ஐஸைத் தேய் தேயெண்டு தேய்ச்சு, கல்லைத் தூக்கிக்கொண்டு போகாத குறையா வட்டத்துக்குள்ள சேர்த்தவை. ஏழுக்கு ஆறு. அது கஷூ வென்றதோ, துடைப்பம் வென்றதோ?

பனிக்கல்: நாலு பேர் ஆடற ஆட்டம் சார், ஸ்வீப்பர் எதுக்கு இருக்கான்? 1976ல ஜாக் மக்டஃப் ஜெயிச்சதுக்கப்புறம் 41 வருஷம் நியூஃபவுண்ட்லாண்டுக்குக் கோப்பையே இல்ல. நான் இங்க செயின்ட் ஜான்ஸ்ல இருக்கேன், அந்த ஆட்டத்தைப் பத்தி டாக்ஸிக்காரர்கிட்ட இப்பவும் பேச்சுக் கொடுத்துப் பாருங்க, இறங்க விடமாட்டார். அதுவும் 2022 லெத்பிரிட்ஜ்ல டீம்ல இருந்த மார்க் நிக்கல்ஸுக்கு கொரோனா, மூணே பேரை வெச்சு கெவின் கூயியை எக்ஸ்ட்ரா எண்ட்ல 9-8னு சாய்ச்சார். ஃபெர்பி மூணு பேரோட ஜெயிச்சிருக்காரா?

எட்மன்டன் சிவா: 2022இல எந்த மாகாணத்துக்கு ஆடினவர்? ஒண்டுக்கும் இல்லை. வைல்ட் கார்ட், மாகாண இடமில்லாமல் தனியாக் குடுத்த இடம்! 2018, 2023, 2024 மூண்டும் டீம் கனடா, முந்தின வருசம் வென்றதால நேரா உள்ள. ஃபெர்பி காலத்தில அந்த வசதி இல்லை. கோப்பையைக் கையில வைச்சுக்கொண்டே ஒவ்வொரு வருசமும் அல்பர்ட்டாவில முதலில இருந்து தொடங்க வேணும், அல்பர்ட்டாவுக்கு இடம் ஒண்டே ஒண்டு. அந்த வாசலைத் தாண்டுறது பிரையரை விடக் கஷ்டம்.

கடைசிக்கல்: ஆமா கஷ்டம், 2002லயும் 2003லயும் மார்ட்டின் அந்த வாசல்ல நிக்கவே இல்ல, ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் தாண்டியிருப்பார்.

எட்மன்டன் சிவா: திரும்பவும் 2002, 2003! 2001ஐப் பற்றிக் கதையும். 2005ஐப் பற்றிக் கதையும்.

பனிக்கல்: பகிஷ்காரம் 2002, 2003ல நடந்தா 2002, 2003ஐத்தான் பேசுவாங்க.

ஸ்கார்புரோ மாமா: எனக்கு இந்த பிரையரே பத்து எண்ட் இழுக்கிறது பிடிக்கேல்லை. ஸ்லாம் எட்டு எண்டோட முடியுது, போய்ப் படுக்கலாம்.

சும்மா பார்க்க வந்தவன்: மாமா பிரையருக்குப் போறதே அங்க போடற "பேட்ச்"ங்கற கொண்டாட்டக் கூடாரத்துல பீர் அடிக்கத்தானே, எத்தனை எண்டுனு எப்படித் தெரியும்.

ஸ்கார்புரோ மாமா: தம்பி, மரியாதையாக் கதையும். உம்மட அப்பா வயசு எனக்கு. காசு குடுத்து டிக்கெட் எடுத்து, பிரையரில ஆடினவைக்குக் குடுக்கிற ஊதா இதய பேட்ஜ் குத்தின ஆக்களோட ஒரே கூடாரத்தில நிண்டு கதைச்சனான். நீர் ஃபோனில ஹைலைட்ஸ் பார்க்கிற ஆள்.

கடைசிக்கல்: கூடாரத்துல யார் வேணா நிக்கலாம் மாமா, அதுக்கு எதுக்கு இவ்வளவு பெருமை.

எட்மன்டன் சிவா: பேட்ச் கதையைப் பிறகு வைச்சுக்கொள்ளுங்கோ. 2003 ஹாலிஃபாக்ஸில கஷூ ஏன் ஆடினவர் எண்டு கேட்டனான், "சின்னப் பையன்" எண்டதைத் தவிர ஒரு பதிலும் வரேல்லை. சின்னப் பையனெண்டால் வீட்டில இருக்கலாம்தானே?

பனிக்கல்: பதில் சொல்லியாச்சு. படிக்கலைன்னா நான் என்ன பண்ண.

எட்மன்டன் சிவா: அது பதிலில்லை, சாட்டு. 2003. ஹாலிஃபாக்ஸ். கஷூ. சொல்லும்.

கடைசிக்கல்: 2002, கால்கரி. மார்ட்டின் எங்க? நீங்க முதல்ல சொல்லுங்க.