சோகொல்லு மெஹ்மத் பாஷா: மூன்று சுல்தான்களிடம் நிலைத்தது எப்படி?

நிலாவன்:
உதுமானியப் பேரரசில் தலைமை வசீரின் (சுல்தானுக்கு அடுத்த முதலமைச்சர்) தலைக்கு உத்தரவாதமே கிடையாது. சுல்தான் சுலைமானுக்கு உயிருக்குயிரான தலைமை வசீர் இப்ராஹிம் பாஷாவையே 1536-இல் கொன்றார்கள். சோகொல்லு மட்டும் அந்தப் பதவியில் 1565 முதல் 1579 வரை எப்படி நீடித்தார்? சுலைமானின் மகன் இளவரசர் செலீமின் மகளை மணந்ததாலா?

கடலோடி:
திருமண உறவு மட்டும் காப்பாற்றாது. சுலைமானின் சகோதரியை மணந்த தலைமை வசீர் காரா அஹ்மத் பாஷாவுக்கும் 1555-இல் மரண தண்டனைதான்.

விடை சிகெத்வாரில் இருக்கிறது. 1566 செப்டம்பரில் அந்த ஹங்கேரியக் கோட்டை விழும் தறுவாயில், கூடாரத்துக்குள் சுலைமான் இறந்துவிட்டார். செய்தி கசிந்தால் ஜானிசரிகள் (சுல்தானின் நிரந்தரக் காலாட்படையினர்) கட்டுக்குள் நிற்க மாட்டார்கள். அடுத்து அரியணை ஏற வேண்டிய செலீமோ தொலைவில், அனத்தோலியாவின் குத்தாஹ்யாவில் இருந்தார். சோகொல்லு அவருக்கு ரகசியமாக ஆள் அனுப்பிவிட்டு, சுல்தான் உயிரோடு இருப்பதுபோலவே ஆட்சியை நடத்தினார். சுல்தான் பெயரிலேயே ஆணைகள் வெளிவந்தன, வீரர்களுக்கு வெகுமதி கொடுக்கப்பட்டது, இடிந்த கோட்டையைச் செப்பனிடும் வேலையும் தொடங்கியது. செயலாளர் ஃபெரிதூன் பே உட்பட விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்கே உண்மை தெரியும். ஆறு வாரங்களுக்கும் மேல்! பெல்கிராதை நெருங்கியபோதுதான் படைக்கு விஷயம் சொல்லப்பட்டது. போஸ்னிய கிராமத்திலிருந்து சிறுவனாகத் திரட்டிச் செல்லப்பட்ட ஒருவரின் இந்த நெஞ்சுரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. செலீமின் அரியணை இவர் கட்டிக்காத்துக் கொடுத்தது. பிறகு எப்படி விலக்குவார்?

தமிழ்மாறன்:
அவ்வளவு செல்வாக்கு இருந்தும் வெனிஸிடமிருந்து சைப்ரஸைப் பிடிக்க நடந்த போரைத் தடுக்க முடியவில்லையே?

கடலோடி:
உண்மைதான். போரை விரும்பிய லாலா முஸ்தபா பாஷாவின் தரப்பு செலீமின் மனத்தைக் கரைத்துவிட்டது. ஆனால் போரின் விளைவைச் சுமந்தவர் சோகொல்லு. 1571 அக்டோபரில் லெபாந்தோ கடற்போரில் உதுமானியக் கடற்படை அழிந்தது. அடுத்த ஆண்டே புதிய கடற்படையை நீரில் இறக்கினார். 1573-இல் வெனிஸ் சைப்ரஸை விட்டுக்கொடுத்ததோடு 3,00,000 டுகாட் தங்க நாணயங்களும் தர ஒப்புக்கொண்டது.

நிலாவன்:
செலீமுக்குப் பின் சுல்தானான மூன்றாம் முராதிடமும் இதே மதிப்பு இருந்ததா ஐயா?

கடலோடி:
இல்லை தம்பி. முராத் அவரைப் பதவியில் வைத்துக்கொண்டே சுற்றியிருந்தவர்களைக் களைந்தார். சிகெத்வார் ரகசியத்தைக் காத்த ஃபெரிதூன் 1576-இல் பதவி இழந்தார். ஹங்கேரியில் புதாவின் ஆளுநராக இருந்த சோகொல்லுவின் உறவினர் முஸ்தபா பாஷா 1578-இல் கொல்லப்பட்டார். 1579 அக்டோபரில் தன் மாளிகையில் மனு வாங்கிக்கொண்டிருந்த சோகொல்லுவை, தர்வேஷ் (சூஃபி துறவி) உடையில் மனுவோடு வந்தவன் கத்தியால் குத்திக் கொன்றான்.