பம்புசெட் எஞ்சினுக்குப் பதில் ஸ்பிளெண்டர் எஞ்சின்: குட்டி பைக்கின் சேசிஸை எங்கே பலப்படுத்துவது?

கோத்தகிரித் தோட்டம்:
அனைவருக்கும் வணக்கம். தோட்டத்துக்குள் பச்சைத் தேயிலை மூட்டை ஏற்றிவர மூன்றாண்டுகளுக்கு முன் நானே ஒரு குட்டி பைக் கட்டினேன். சேசிஸ் 25 மில்லிமீட்டர் விட்டமும் 1.6 மில்லிமீட்டர் கனமும் உள்ள இரும்புக் குழாய். பின்புறம் ஷாக் அப்சார்பர் கிடையாது. சக்கரம் ஆறு அங்குல ரிம். எஞ்சின் 163 சிசி பெட்ரோல் பம்புசெட்டினுடையது. எங்கள் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் சமவெளியில் கிடைக்கும் திறனில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. மூட்டையோடு மேட்டில் ஏறும்போதெல்லாம் கிளட்ச் வழுக்கிப் புகைகிறது. பழைய ஸ்பிளெண்டரின் 97.2 சிசி எஞ்சின் ஒன்று கைவசம் இருக்கிறது. ஐந்து குதிரைத்திறனிலிருந்து ஏழரைக்குத்தான் போகிறோம் என்பதால், முன் ஃபோர்க் நுழையும் தலைக்குழாயின் கீழே இரண்டு கஸெட் தகடு (குழாய்கள் சேரும் மூலையைத் தாங்கும் தகடு) வைத்து வெல்டிங் செய்தால் போதும் என்று நினைக்கிறேன்.

குன்னூர் பட்டறை:
போதாது, ஐயா. நீங்கள் குதிரைத்திறனைக் கணக்கிடுகிறீர்கள். சேசிஸை உடைப்பது செயினின் இழுவை. பம்புசெட் எஞ்சினின் முறுக்குவிசை சுமார் 10 நியூட்டன் மீட்டர். அது கியர்பாக்ஸ் இல்லாமல் நேராகப் பத்துப் பல் ஸ்பிராக்கெட்டுக்கு, அதாவது செயினை இழுக்கும் பல்சக்கரத்துக்குப் போகிறது. அரை அங்குலப் பிட்ச் (கண்ணிக்குக் கண்ணி இடைவெளி) செயினில் அந்த ஸ்பிராக்கெட்டின் ஆரம் 20 மில்லிமீட்டரை ஒட்டி வரும் என்பதால், செயின் இழுப்பது ஐம்பது கிலோ எடைக்குச் சமம். ஸ்பிளெண்டர் எஞ்சினின் முறுக்குவிசை 8தான் என்றாலும், முதல் கியரில் அது பத்து மடங்குக்குக் குறையாமல் பெருகிப் பதினான்கு பல் ஸ்பிராக்கெட்டுக்கு வருகிறது. அதன் ஆரம் 28.5 மில்லிமீட்டர். வகுத்துப் பாருங்கள், 280 கிலோவுக்கு மேல் வருகிறது. அந்த இழுவை முழுவதும் எஞ்சின் அமர்ந்த இடத்துக்கும் பின் அச்சுக்கும் நடுவில், அதுவும் ஒரு பக்கமாக, குழாயைத் திருகும். தலைக்குழாயில் எத்தனை தகடு வைத்தாலும் அங்கே உதவாது. பழைய சேசிஸை ஒதுக்கிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

கேத்திப் பள்ளத்தாக்கு:
பட்டறைக்காரர் காட்டிய இடம் சரி, அளவு மிகை. செயின் எவ்வளவு இழுக்க முடியும் என்பதை எஞ்சின் மட்டும் தீர்மானிப்பதில்லை, டயரின் பிடிமானமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. பின் சக்கரத்தின் மேல் நூறு கிலோ எடை இருப்பதாகவும் காய்ந்த மண்ணில் உராய்வு 0.8 என்றும் கொண்டால், டயர் 80 கிலோ விசைக்கு மேல் தள்ளப் பார்த்தாலே சுழன்று வழுக்கிவிடும். சக்கரத்தின் ஆரம் 165 மில்லிமீட்டர்; ஸ்பிளெண்டரின் 44 பல் பின் ஸ்பிராக்கெட்டையே போட்டால் அதன் ஆரம் 89 மில்லிமீட்டர். அப்படியானால் செயினில் 150 கிலோவை ஒட்டித்தான் இழுவை வரும். பெரிய ஸ்பிராக்கெட் போட்டால் இன்னும் குறையும். பின்பகுதியை மட்டும் மாற்றினாலே போதுமானது என்பதே என் வாதம்.

குன்னூர் பட்டறை:
நிதானமாக ஓடும்போது உங்கள் கணக்கு பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேயிலைச் சரிவில் பாதை நிதானமாக இருப்பதில்லை. மழைக்குப் பின் டயர் சேற்றில் சுழன்றுகொண்டிருக்கும்போது சட்டென்று ஒரு பாறையில் பிடித்துக்கொண்டால், சுழலும் எஞ்சினின் வேகம் முழுதும் ஒரு கணத்தில் செயினில் இறங்கும். அந்த அடி 150 கிலோவோடு நிற்காது. அதையே ஆயிரம் முறை வாங்கும்போதுதான் இரும்பு களைத்து விரிசல் விடுகிறது. விரிசல் பெரும்பாலும் வெல்டின் ஓரத்தில், குழாய் சூடுபட்ட இடத்தில் தொடங்கும். பெயிண்டின் மேல் மயிரிழை போலத் துருக்கோடு தெரியும். கோத்தகிரி அன்பர் தம் வண்டியின் இடதுபக்க எஞ்சின் தகட்டருகே ஒருமுறை பார்க்க வேண்டும்.

கேத்திப் பள்ளத்தாக்கு:
அந்த அடிக்கும் வழி உண்டு. அச்சு, எஞ்சின் இருக்கை, சீட்டுக் குழாய் ஆகிய மூன்றையும் இணைத்துப் பின்பகுதியை மூடிய முக்கோணமாக்கிவிட்டால், குழாய் வளைவதற்குப் பதில் நீளவாக்கில் இழுபடும், அழுந்தும். இரும்புக் குழாய் அதை நன்றாகத் தாங்கும். கீழ்க்குழாயை மட்டும் 32 மில்லிமீட்டராக மாற்றினால், கனம் அதே 1.6 ஆக இருந்தாலும் வளைவை எதிர்க்கும் விறைப்பு இரு மடங்குக்கு மேல் உயர்கிறது. எடையோ மூன்றில் ஒரு பங்குகூடக் கூடுவதில்லை. குழாயின் சுவரைக் கனமாக்குவதைவிடக் குழாயை அகலமாக்குவதுதான் பலன் தரும். கஸெட் வைப்பதானால் அதன் முனை குழாயின் குறுக்கே வெட்டி நிற்காமல் சரிந்து மெலிந்து முடிய வேண்டும். அப்படிச் செய்யாத கஸெட், இல்லாததைவிட மோசம்.

குன்னூர் பட்டறை:
முக்கோணத்தை ஏற்கிறேன். ஆனால் நம் ஊர் மூடுபனியில் வெல்டிங் ராடு ஈரம் குடித்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 7018 ராடை (ஹைட்ரஜன் குறைவாக விடும் வகை) உலர்த்தாமல் பயன்படுத்தினால் ஈரத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜன் வெல்டுக்குள் புகுந்து பின்னாளில் விரிசலாகும். குழாயின் உள்ளே தேங்கும் நீர் வடிய அடியில் ஒரு சிறு துளையும் வேண்டும்.

வெலிங்டன்வாசி:
ஒரு சொல் மட்டும். பதிவில்லாத இந்த வண்டியை மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 39ஆம் பிரிவின்படி பொதுச் சாலையில் ஓட்டவே கூடாது. தோட்டத்து வாசலைத் தாண்ட வேண்டாம். பிரேக் பற்றி யாருமே பேசவில்லையே? ஏறும் வண்டி மூட்டையோடு இறங்கவும் வேண்டும். பின் பிரேக் மட்டும் உள்ள வண்டியில் வேகத்தைக் கூட்டினால் முன் பிரேக்கும் கட்டாயம் வேண்டும். அதைப் பொருத்தினால் இறக்கத்தில் ஃபோர்க் நெம்புகோலாகித் தலைக்குழாயைப் பெயர்க்கப் பார்க்கும். முதல் பதிவில் சொன்ன தகடுகள் அதற்குத்தான் தேவைப்படும்.

கோத்தகிரித் தோட்டம்:
நேற்று மாலை இடதுபக்க எஞ்சின் தகட்டின் கீழே பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தேன். வெல்டை ஒட்டியே ஒரு விரற்கடை நீளத்துக்கு விரிசல் இருக்கிறது. பழைய எஞ்சினிலேயே அது விழுந்திருக்கிறது. பட்டறைக்காரர் சொல்வதுபோல் முழுச் சேசிஸையும் ஒதுக்க எனக்கு இன்னும் மனமில்லை. முன்பாதியை வைத்துக்கொண்டு, பின்பாதியை அறுத்து 32 மில்லிமீட்டர் குழாயில் முக்கோணமாகக் கட்டப் போகிறேன்.

குன்னூர் பட்டறை:
அறுப்பதற்கு முன் தலைக்குழாய் வெல்டையும் சுரண்டிப் பாருங்கள். அங்கேயும் கோடு தெரிந்தால் முன்பாதியையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கோத்தகிரித் தோட்டம்:
பார்க்கிறேன், ஐயா. முன் பிரேக் கிடைக்கும்வரை ஸ்பிளெண்டர் எஞ்சின் சாக்குப் பையிலேயே இருக்கட்டும்.