1990 நோபல் பரிசு: ஸ்டான்ஃபோர்டு சோதனை காட்டியது குவார்க்கையா?

துகளன்:
இயற்பியலாளர்கள் ஃபிரீட்மன், கெண்டல், டெய்லர் மூவரும், புரோட்டானும் நியூட்ரானும் ஆக்கப்பட்ட அடிப்படைத் துகளான குவார்க்கைக் கண்டுபிடித்ததற்காக 1990-இல் நோபல் பரிசு பெற்றார்கள் என்று பலரும் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்டான்ஃபோர்டின் மூன்று கிலோமீட்டர் நீள முடுக்கியில் 1967 முதல் எலெக்ட்ரான்களைப் புரோட்டான்மீது மோதவிட்டபோது, அகன்ற கோணங்களில் எதிர்பார்த்ததைவிட மிகுதியான எலெக்ட்ரான்கள் சிதறி வந்தன. புரோட்டானுக்குள் புள்ளி போன்ற ஏதோ இருக்கிறது என்பதற்கு மேல் இதிலிருந்து என்ன சொல்ல முடியும்? இயற்பியலாளர் ஃபைன்மன்கூட அவற்றைப் பார்ட்டான் (உட்பகுதித் துகள்) என்றுதான் அழைத்தார்.

அலைமுகம்:
அந்த 'ஏதோ' அவ்வளவு அடையாளமற்றதாக இல்லை, நண்பரே. தற்சுழற்சி என்பது துகளின் உள்ளார்ந்த சுழற்சிப் பண்பு. அது சுழியமாக உள்ள துகள்கள் உள்ளே இருந்திருந்தால், எலெக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடையே பரிமாறப்படும் மெய்நிகர் ஒளியணுக்களுள் நெட்டாங்கு முனைவாக்கம் (செல்லும் திசையிலேயே அதிர்வது) கொண்டவையே பெரிதும் உட்கவரப்பட்டிருக்க வேண்டும். அரைத் தற்சுழற்சி என்றால் குறுக்கு முனைவாக்கம் (செல்லும் திசைக்குச் செங்குத்தாக அதிர்வது) கொண்டவை மேலோங்க வேண்டும். அளவீடு இரண்டாவதன் பக்கமே நின்றது; குவார்க்குக்கும் அரைத் தற்சுழற்சிதான். டியூட்டீரியத்தை (அணுக்கருவில் ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் கொண்ட ஹைட்ரஜன்) இலக்காக வைத்து நியூட்ரானையும் அதே குழு அளந்தது. நியூட்ரானுக்கும் புரோட்டானுக்கும் உள்ள சிதறல் விகிதம் கால் பங்குக்குக் கீழே போகக்கூடாது என்ற குவார்க் மாதிரியின் எல்லையை அந்தத் தரவுகள் மீறவில்லை.

துகளன்:
மீறவில்லை என்பது வேறு, நிறுவிற்று என்பது வேறு. மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு என்ற பின்ன மின்னூட்டம்தானே குவார்க்கின் தனி முத்திரை? அதற்கு செர்ன் ஆய்வகத்தின் கார்கமெல் குமிழி அறையில் நடந்த நியூட்ரினோ சிதறல் தேவைப்பட்டது. நியூட்ரினோ மின்னூட்டமற்ற நுண்துகள்; குவார்க்கின் மின்னூட்டத்தைப் பொருட்படுத்தாது. ஆகவே இரு சிதறல்களையும் ஒப்பிட்டால் மின்னூட்ட வர்க்கங்களின் சராசரியாகிய 5/18 கிடைக்கிறது. அந்தக் குழுவுக்கு இந்தப் பரிசில் இடமில்லை.

அலைமுகம்:
அந்த ஒப்பீட்டின் ஒரு பாதி ஸ்டான்ஃபோர்டின் தரவு என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். தவிர, பரிசுக் குழு தன் பரிசுக் காரண வாசகத்தில் 'கண்டுபிடிப்பு' என்று சொல்லவில்லை. குவார்க் மாதிரியின் வளர்ச்சிக்கு இன்றியமையாததாக அமைந்த ஆய்வுகள் என்றே குறிப்பிட்டது.

பார்வையாளர்:
இடையில் ஒரு சொல். ஐயப்பட்டவர்களுள் பலரை மாற்றியது 1974 நவம்பரில் டிங், ரிக்டர் குழுக்கள் தனித்தனியே கண்ட ஜே/சை துகள்தான் (சார்ம் என்ற குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் இணைந்தது). இரண்டே ஆண்டுகளில் அதற்குப் பரிசு வந்துவிட்டது!

துகளன்:
ஜே/சை வலுவான சான்று என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அலைமுகம் அவர்கள் ஒன்றைத் தாண்டிச் செல்கிறார்: புரோட்டானின் உந்தத்தில் ஏறத்தாழப் பாதியைத்தான் குவார்க்குகள் சுமப்பதாக அதே தரவுகள் காட்டின. மீதியைச் சுமக்கும், குவார்க்குகளைப் பிணைக்கும் துகளான குளுவானுக்கு நேரடியான சான்று 1979-இல் ஹாம்பர்க்கில்தான் கிடைத்தது. அதுவரை கணக்கில் பாதி இடைவெளி இருந்தது.