மறு: மின்காரின் ‘ரேஞ்ச்’ – ஒரு சொல் போதாது

நண்பர்களே, வணக்கம். மின்காரின் ‘ரேஞ்ச்’, அதாவது ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற நம் குழுவின் பேச்சுக்கு இது என் பதில்.

> ‘வீச்சு’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

வழக்கில் இருக்கிறது, சரி. ஆனால் அது ஏவுகணைக்கும் வானொலி அலைக்கும் புள்ளியியலுக்கும் உரியது. எறிந்தது எங்கே போய் விழுமோ அதுவரைக்கும்தான் வீச்சு. கார் வழியில் நிற்கும், சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், வேகத்தைக் குறைத்து ஓட்டினால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே போகும். அதனால் ‘ஓடுதொலைவு’ என்ற முன்மொழிவுக்கே என் ஆதரவு. வினைத்தொகை, சுருக்கமானது, கேட்டவுடனே புரியும்.

ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. ‘ரேஞ்ச்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு எண்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஒன்று விளம்பரத் தாளில் அச்சாகும் எண். டபிள்யூஎல்டிபி போன்ற ஒரு சோதனை முறையில், ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் வண்டியை ஓட்டிக் கணக்கிட்டது. அந்தச் சோதனையின் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 46 கி.மீ.தான், வெப்பநிலை 23 டிகிரி, ஏசி போடுவதில்லை. இன்னொன்று ஓட்டும்போது திரையில் தெரிவது: பேட்டரியில் இருக்கும் மின்சாரத்தையும், கொஞ்ச நேரமாக வண்டி எவ்வளவு செலவழித்தது என்பதையும் வைத்துப் போடும் ஊகம். முதல் எண் அப்படியே இருக்கும், இரண்டாவது சாலைக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும்.

மலைப்பாதையில் இது கண்ணெதிரே நடக்கும். அடிவாரத்தில் திரை 140 காட்டுகிறது என்று வையுங்கள். வளைந்து வளைந்து 20 கி.மீ. ஏறி முடிக்கும்போது அது 85க்கு வந்திருக்கலாம். ஓடியது 20, குறைந்தது 55, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேட்டரி கெட்டுவிட்டதா என்று கேட்பார். கெடவில்லை, 2 டன் எடையை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்கவே ஏறத்தாழ 5.4 யூனிட் மின்சாரம் வேண்டும். இறங்கும்போது அதில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்பி வருவதால் திரையில் எண் ஏறவும் செய்யும். நெடுஞ்சாலையிலும் இப்படித்தான், 90இல் போய்க்கொண்டிருந்தவர் 110க்குப் போனால் காற்றுத்தடை ஒன்றரை மடங்காகிவிடும். இப்படி ஏறி இறங்குகிற எண்ணுக்கும் அச்சடித்த எண்ணுக்கும் ஒரே பெயர் வைத்தால், தாளில் இருப்பதை நம்பி நீண்ட பயணம் கிளம்புகிறவரை நாமே குழப்புகிறோம்.

> திரையில் வருவதை ‘எஞ்சுதொலைவு’ எனலாம்.

நல்ல சொல்தான், ஆனால் இங்கே இடிக்கிறது. அதே திரையில் வழிகாட்டி வரைபடமும் ஓடுகிறது, போய்ச் சேர வேண்டிய ஊருக்கு எஞ்சியிருக்கும் தொலைவை அதுவும் காட்டுகிறது. ‘எஞ்சுதொலைவு 90’ என்றால் எது? சார்ஜா, ஊரா? நீண்ட பயணத்தில் ஓட்டுநர் ஓயாமல் செய்வதே இந்த இரண்டையும் ஒப்பிடுவதுதான், அவற்றுக்குப் பெயர் பிரிந்தே இருக்க வேண்டும். எஞ்சுதொலைவை ஊருக்கு விட்டுவிடுவோம். சார்ஜ் விஷயத்தில் எல்லோரும் கேட்பது “இன்னும் எவ்வளவு தூரம் தாங்கும்?” என்றுதானே? அதனால் அச்சடித்த எண்ணுக்கு ‘ஓடுதொலைவு’ இருக்கட்டும், திரையில் வரும் எண்ணுக்குத் ‘தாங்குதொலைவு’ என்று முன்மொழிகிறேன். கையேட்டு வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: “தாங்குதொலைவு எஞ்சுதொலைவை நெருங்கினால் வேகத்தைக் குறைக்கவும், அல்லது அடுத்த சார்ஜிங் நிலையத்தில் நிறுத்தவும்.” விளக்கமே தேவைப்படவில்லை.

இதை ஏற்றுக்கொண்டால், வழியிலேயே சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்ற பயமான ‘ரேஞ்ச் ஆங்சைட்டி’க்கும் சொல் கிடைத்துவிடும். ‘தொலைவு அச்சம்’ என்றால் தூரமாகப் போகவே பயப்படுவது போலத் தொனிக்கிறது. தூரத்தில் பயமில்லை, தாங்குதொலைவுக்கும் எஞ்சுதொலைவுக்கும் நடுவே இடைவெளி சுருங்குவதுதான் வயிற்றைப் பிசைகிறது. ‘தாங்குதொலைவுக் கவலை’ என்று கட்டுரையிலும் கையேட்டிலும் எழுதலாம், பேச்சில் ‘தாங்குமா கவலை’ என்று அதுவே சுருங்கிக்கொள்ளும்.

பேட்டரியில் எத்தனை விழுக்காடு சார்ஜ் இருக்கிறது என்பதைக் குறிக்கும் ‘மின்னிருப்பு’க்கு எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அடுத்து, 80 விழுக்காட்டுக்கு மேல் அதிவேக சார்ஜிங் மந்தமாவதைக் காட்டும் அந்த வரைபடத்துக்கு ஒரு பெயர் வேண்டும். ‘ஏற்ற வளைவு’ என்று முன்பு எழுதியிருந்தார்கள், அது மலைப்பாதை வளைவு போலத் தெரிகிறது. ‘மின்னேற்று வேகக்கோடு’ எப்படி இருக்கிறது? சொல்லுங்கள்.