ஃபுரொன்க்ஸா, ரைஸா? யாழ்ப்பாணத்து வீட்டுக்கு எது சரிவரும்?

ஒழுங்கைக்காரன்:
சுசுகி ஃபுரொன்க்ஸ் எண்ட கார் 2024 ஒக்ரோபரில ஜப்பானில வெளிவந்தது. செய்யிறது இந்தியாவில, குஜராத்தில. இங்க 2025 பெப்ரவரியில தனியார் வாகன இறக்குமதி திறந்த பிறகு கனபேர் ரொயோட்டா ரைஸிலதான் நிக்கினம். வயசு போன அப்பா அம்மா, ரெண்டு பிள்ளையள், ஊருக்குள்ள ஓட்டம், இடைக்கிடை கொழும்பு. எது நல்லது? காரணத்தோட சொல்லுங்கோ. "ரொயோட்டா எண்டா ரொயோட்டாதான்" எண்ட கதை வேண்டாம்.

வடமராட்சியான்:
ரைஸ். முதல் காரணம் தீர்வை. எங்கட நாட்டில அது சிசி, அதாவது எஞ்சின் கொள்ளளவுக் கணக்கில போகுது. ரைஸ் ரேபோ (புகை வேகத்தில சுத்தி எஞ்சினுக்குக் காத்து அடிக்கிற சாமான் பூட்டினது) 996 சிசி, ஃபுரொன்க்ஸ் 1462. அதுக்கு மேல 18 வீதம் வற். அடுத்தது அகலம். ரைஸ் 1695 மி.மீ., ஃபுரொன்க்ஸ் 1765. ரெண்டு பக்கமும் மதில் கட்டின ஒழுங்கையில அந்த 7 சென்ரிமீற்றர் சின்ன விசயமில்லை, பக்கக் கண்ணாடி தப்புறதும் உரசுறதும் அதிலதான். உயரமும் 1620க்கு 1550. முழங்கால் நோ உள்ள ஆக்கள் குனியாமல் ஏறி இருக்கலாம். டிக்கி 369 லீற்றர். இந்தியாவில விக்கிற ஃபுரொன்க்ஸுக்கு 308தான்.

நாலு சிலிண்டர்:
அகலத்தை மட்டும் சொல்லிப்போட்டு விட்டா எப்பிடி? ஃபுரொன்க்ஸ் திரும்புற ஆரை 4.8 மீற்றர். ரைஸ் 17 அங்குல ரிம்மோட 5.0. முடக்கில ஒரே வெட்டில திரும்புறது எது?

இன்னொண்டு. 2021 நவம்பருக்குப் பிறகு ஜப்பான் ரைஸில 1.0 லீற்றர் ரேபோ ஃபோ வீலுக்கு (நாலு சில்லும் இழுக்கிறதுக்கு) மட்டும்தான். முன் சில்லு ட்ரைவுக்கு ரேபோ இல்லாத 1.2 எஞ்சினைப் போட்டுட்டாங்கள், அது 1196 சிசி. பழசெண்டாலும் மூண்டு வருசத்துக்குள்ளதான் இறக்கலாம். அப்ப ஜப்பானில இருந்து வாற ரேபோ எல்லாம் ஃபோ வீல். தார் ரோட்டில ஓடுற குடும்பம் ஏன் பின் சில்லை இழுக்கிற டிஃப்பையும் நடுச் சாஃப்டையும் காவிக்கொண்டு திரிய வேணும்? எரிபொருளும் ஜப்பான் அளவையில ரைஸ் ரேபோ லீற்றருக்கு 17.4 கி.மீ., முன் சில்லு ஃபுரொன்க்ஸ் 19.0.

ஓயில் கறை:
நாலு சிலிண்டர் சொன்ன ஃபோ வீல் கதையில ஆபத்தான பக்கம் வேற. ஜப்பானில ஃபோ வீலைத் தேடி வாங்கிறது பனி கொட்டுற இடத்துக்காரர். அங்க ரோட்டில உப்புப் போடுவாங்கள். மேல பார்த்தா பளபளப்பு, கீழ கறள். ஜப்பான் ஏலத்தில காரின்ர நிலையை எழுதிற ஷீற்றில, கார்ப் படத்துக்குள்ள S எண்டு இருந்தா கறள், C எண்டு இருந்தா அரிப்பு. மொத்தப் புள்ளி, கிரேட் 4.5 எண்டு மட்டும் பார்த்துக் காசு கட்டாதேங்கோ. கீழ்ப்பக்கப் படம் கேளுங்கோ: பிறேக் பைப், பின் அக்சில், சைலன்சர் இணைப்பு நட்டுகள். புதுசாக் கறுப்பு மை அடிச்சிருந்தா இன்னும் சந்தேகப்படுங்கோ. கார் வந்த பிறகு ஸ்குறூ ட்றைவர் பிடியால தட்டிப் பாருங்கோ, நல்ல தகடு கணீரெண்டும், அரிச்ச இடம் பொத்தெண்டு கேட்டுச் செதிலாக் கொட்டும். அப்பிடி ஒண்டைக் கொண்டுவந்து ஊர்காவற்றுறை, புங்குடுதீவுப் பக்கம் கடற்காத்தில விட்டா மிச்சத்தைக் கடல் பார்த்துக்கொள்ளும்.

வடமராட்சியான்:
அது கார் தெரிவு செய்யிறவன்ர பிழை, காரின்ர பிழையில்லை. இழுவையைப் பாருங்கோ. ரைஸ் 140 நியூட்டன் மீற்றரை நிமிசத்துக்கு 2400 சுத்திலயே தருது. ஃபுரொன்க்ஸ் 135, அதுவும் 4400இல. அஞ்சு பேர், சாமான், ஏசி. ஏ9 வீதியில லொறியை முந்தேக்க எது கத்தாமல் போகும்? தரை இடைவெளியும் 185க்கு 170.

ஓயில் கறை:
இழுவை உண்மை. ஆனா அதுக்கு ஓயிலில விலை குடுக்க வேணும். ரேபோவின்ர தண்டு ஓயில் படலத்தில மிதந்து சுத்துது. வெய்யிலுக்குள்ள நெடுந்தூரம் ஓடிவந்து படலையடியில உடன நிப்பாட்டினா ஓயில் ஓட்டமும் நிண்டிடும். சூட்டில நிண்ட ஓயில் கரியாகி அந்தச் சின்ன வழியை அடைக்கும். ஒரு நிமிசம் ஐடிலில விட்டு நிப்பாட்டுங்கோ. ரேபோவுக்கு ஓயில் மாத்திறது 5000 கி.மீ. அல்லது 6 மாசம். குறுஞ்சவாரி, தூசு எண்டா அதில பாதி. எங்கட ஊருக்குள்ள ஓட்டம் அந்தக் கணக்கிலதான் வரும்.

மற்றது, எந்தக் காரெண்டாலும் றேடியேற்றருக்குக் கிணத்துத் தண்ணி விடாதேங்கோ. வலிகாமம் முழுக்கச் சுண்ணாம்புக் கல். கேத்திலுக்குள்ள படியிற வெள்ளைதான் எஞ்சினுக்குள்ளயும் படியும்.

நாலு சிலிண்டர்:
இதைத்தானே நான் சொல்ல வந்தனான். ஃபுரொன்க்ஸில ரேபோவும் இல்லை, பெல்ற்றில ஓடுற சிவிரி கியரும் இல்லை. ஆறு கியர் சாதாரண ஓட்டோ, ஊர் கராஜுக்குப் பழகின சாமான்.

வடமராட்சியான்:
அதில மைல்ட் ஹைபிரிட் (எஞ்சினுக்குக் கைகுடுக்கிற சின்ன மோட்டர்) இருக்கே, அதை ஏன் சொல்லேல்லை? நிண்ட எஞ்சினைச் சூட்டோட திருப்பி எழுப்புறதும் சார்ஜ் ஏத்துறதும் ஒரே பெல்ற். தளர்ந்தா கீச்சிடும், சார்ஜும் குறையும். கார் நிக்கேக்க எஞ்சினைத் தானா நிப்பாட்டுற ஐடில் ஸ்ரொப்புக்கெண்டு செய்த பற்றரி வேணும், சாதாரணப் பற்றரி போட்டா கெதியில படுத்திடும்.

நாலு சிலிண்டர்:
ஐடில் ஸ்ரொப் ரைஸ் ரேபோவிலயும்தான் கிடக்கு! பெல்ற் எண்டது காசு குறைஞ்ச சாமான், சேர்விசில பார்த்து மாத்திறது. உங்கட ரைஸின்ர உச்ச வகை, இசெட் கிரேட்டின்ர ரயர் 195/60 ஆர் 17. அந்த அளவு வேற எந்தக் காருக்குப் போகுது? கடையில கேட்டா "ஓடர் பண்ண வேணும் தம்பி" எண்டுவினம். ஃபுரொன்க்ஸ் 195/60 ஆர் 16.

ஒழுங்கைக்காரன்:
ரயர் விசயம் யோசிக்கேல்லை. ரைஸில 16 அங்குலம் இல்லையோ?

வடமராட்சியான்:
இருக்கு. இசெட்டுக்குக் கீழ உள்ள எக்ஸும் ஜியும் 195/65 ஆர் 16. திரும்புற ஆரையும் 4.9க்கு இறங்கும். ஜி கிரேட் பாருங்கோ, இசெட்டை விடுங்கோ.

ஓயில் கறை:
ஜி எண்டாலும் கீழ்ப்பக்கப் படம் வரமுதல் முற்பணம் கட்டாதேங்கோ. அனுப்ப மாட்டம் எண்டு நிண்டா அந்தக் காரை விட்டிட்டு அடுத்ததைப் பாருங்கோ.